லாட்ஜா, வாடகை வீடா?

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது அதுதான்.

சண்டை போடாத அப்பாவை அந்தக் குடும்பம் பார்த்ததே கிடையாது. காபி ஆறிப்போச்சு என்பார். செருப்பை யார் குறுக்கே போட்டது என்பார். கட்டப்போகிற கட்டடத்துக்குத் தூண் எத்தனை கனம், கூரையைத் தாங்கும் பீம் எத்தனை ஆழம், உள்ளே எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கிற என்ஜினியர் அவர். வரைபடத்தில் அவர் சீல் விழுந்தால்தான் மேஸ்திரி கம்பியைத் தொடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இப்போது கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்.

டாக்டர் அப்படி என்னதான் சொல்லிவிட்டார்? பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பித்தார் அந்தப் புண்ணியவான். "லேசான மறதிதான். தாராளமா வேலைக்குப் போங்க. ஆனா சில சமயம் மூளை நம்மளையே ஏமாத்தும். செய்யாத காரியத்தைச் செஞ்ச மாதிரியே காட்டும். அப்படி ஏதாவது நடந்தா உடனே வந்து சொல்லுங்க."

கூடப் போயிருந்த மூத்த மகளிடம், காரில் ஏறும்போது அப்பா வாய் திறந்தார். "மறந்துபோனா பரவாயில்லம்மா. செய்யாததைச் செஞ்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு சீல் வெச்சுட்டேன்னா?"

"அப்படியெல்லாம் ஆகாதுப்பா," என்றாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

ஆபீஸை நடத்துவது இப்போது மூத்தவள்தான். அங்கே அவளுக்கு வேறொரு தலைவலி காத்திருந்தது. எல்லோருடைய வேலையையும் தாங்கிக்கொண்டு பின்னறையில் ஓடிய பழைய சர்வர், அடிக்கடி படுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. மின்விசிறி வைத்தார்கள். கதவைத் திறந்து போட்டார்கள். ஒன்றும் வேலைக்காகவில்லை.

"இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியாதுக்கா," என்றான் தம்பி. கம்ப்யூட்டர் என்று பேர் வைத்த எல்லாமே அவன் பொறுப்பு. வீட்டில் அவன் சின்னவன். தலையில் நரை எட்டிப் பார்த்தும் அந்தப் பேர் அவனை விட்டுப் போகவில்லை.

அவன் சொன்ன வழி இது. இனிமேல் யாருடைய கம்ப்யூட்டரும் ஆபீஸில் இருக்க வேண்டாம். எங்கேயோ ஒரு பெரிய கம்பெனியின் கட்டடத்தில் இருக்கட்டும். நம் மேஜையில் திரையும் கீபோர்டும் போதும். இன்டர்நெட் வழியாக அந்தக் கம்ப்யூட்டர் நம் கண்முன்னால் வந்துவிடும். ஆபீஸில் உட்கார்ந்தாலும் வீட்டில் உட்கார்ந்தாலும் அதே திரைதான்.

இரண்டு கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. ஒன்றில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இன்னொன்றில் எல்லோருக்கும் பொதுவாகச் சில கம்ப்யூட்டர்கள். காலையில் எது காலியோ அதில் உட்காரலாம், சாயங்காலம் வெளியேறினதும் அது தன்னைத்தானே சுத்தமாகத் துடைத்துக்கொள்ளும். செய்த வேலையைப் 'பொது அலமாரி' என்கிற எல்லோருக்குமான ஃபோல்டரில் சேமித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் விலை குறைவு, வைரஸ் பயமில்லை, பெரிய வரைபடம்கூடச் சட்டென்று திறக்கும்.

"இதுக்கா இவ்வளவு விளக்கம்? முதலாவது வாடகை வீடு, ரெண்டாவது லாட்ஜ்," என்று போட்டு உடைத்தாள் வரைபடப் பிரிவுப் பெண். ஆபீஸில் அவளுக்கு 'வானொலி' என்று பேர். அவள் காதில் விழுந்த சங்கதி பக்கத்துக் கட்டடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வாடகை வீடு, லாட்ஜ் என்ற பேர்களே நிலைத்துவிட்டன.

இரண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் இன்றோடு முடிகிறது. சாயங்காலத்துக்குள் யாருக்காவது சரி என்று சொல்லியாக வேண்டும்.

மூத்தவள் முதலிலேயே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். "யாரை எதுல வேணா போடுடா. அப்பாவை மட்டும் வாடகை வீட்டுல போடு."

காரணம் இருந்தது. அப்பாவுக்கும் ஃபோல்டருக்கும் ஆகவே ஆகாது. எதையும் உள்ளே வைக்க மாட்டார். எல்லாம் திரையில் கண்ணெதிரே கிடக்க வேண்டும். இடது பக்கம் முடியாத வேலை. வலது பக்கம் முடிந்த வேலை. அடியில் சந்தேகம். "மேஜை மேல இருக்கறதுதான் வேலை, உள்ள போனது பொணம்," என்பார். மறதி தட்ட ஆரம்பித்த பிறகு அந்தத் திரைதான் அவருக்குப் பிடிமானம். காலையில் அதைப் பார்த்ததும் நேற்றைய நாள் முழுக்க அவருக்குத் திரும்பி வந்துவிடும்.

தம்பி தலையாட்டினான். ஆட்டினதோடு சரி.

---

காலையில் வானம் அழுக்குத் துணி மாதிரி கிடந்தது. ஆபீஸில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி கான்ட்ராக்டர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், பரபரப்புக்காரர். ஆஸ்பத்திரியின் புதுப்பகுதியில் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த எடையைத் தாங்க, கீழே இருக்கும் பீமை மாற்றி வரைய வேண்டும். அது அப்பாவின் வேலை.

"சார், பிரிண்ட் எடுத்துக் கொடுத்தீங்கன்னா நான் ஓடிடுவேன். கம்பி கட்டற ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"இதோ," என்று அப்பா உட்கார்ந்தார். அன்று காலை அவர் முகத்தில் பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. மூத்தவள் அதைக் கவனித்து, மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள். முந்தின நாள் முழுவதும் அவள் வெளிவேலையாக அலைந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போயிருந்தாள்.

திரை வந்தது. வெறும் நீலம். இடது பக்கம் ஒன்றுமில்லை, வலது பக்கம் ஒன்றுமில்லை.

அப்பா மவுஸை அங்கேயும் இங்கேயும் நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சின்னவனே, இங்க வாடா."

தம்பி வந்தான். தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். பொது அலமாரியைத் திறந்து தேடினான். ஆஸ்பத்திரி படம் இருந்தது, ஆனால் பழசு. தொட்டி பழைய மூலையில், பீம் பழைய பீம்.

"இதுதான்ப்பா இருக்கு."

"நேத்து நான் வரைஞ்சது?"

தம்பி தொண்டையைச் செருமினான். பின்னறையில் சர்வர் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

கான்ட்ராக்டர் சங்கடமாக நெளிந்தார். "நேத்து சாயங்காலம் போன் பண்ணி, முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேன்." அப்பாவின் குரல் இறங்கியது. "சொன்னது ஞாபகம் இருக்கு. வரைஞ்சதும் ஞாபகம் இருக்கு. பீமை ஆழமாக்கினேன், கம்பி கூட்டினேன், எல்லாம் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது."

அதைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! டாக்டர் சொன்னதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக அவருக்குள் இறங்குவதை மூத்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தேடிப் பார்க்கலாம்ப்பா. எங்கேயாவது மாறிப் போயிருக்கும்."

"எங்க மாறும்? நான்தான் எதையும் எங்கேயும் வைக்க மாட்டேனே." கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க. நான் வரையல. வரைஞ்ச மாதிரி நினைச்சுட்டேன்."

"அதுக்கென்ன சார், நாளைக்கு வேணா..."

"நாளைக்கும் வேண்டாம். வேற நல்ல என்ஜினியரைப் பாருங்க. படுக்கையில நோயாளி கிடக்கிற இடம். தலைக்கு மேல தண்ணித்தொட்டி. விளையாட்டில்ல."

கான்ட்ராக்டர் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி சத்தமில்லாமல் கிளம்பிப் போனார்.

அப்பா இழுப்பறையைத் திறந்தார். சீலை எடுத்து மகளின் கையில் வைத்தார்.

"அப்பா, என்ன இது? ஒரு படம் காணோம்னா அதுக்காக இப்படியா? திரும்ப உக்காந்து வரையுங்க. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொல்றீங்களே."

"வரையலாம்மா. வரைஞ்சது சரியான்னு யார் பார்க்கறது? நான்தானே பார்க்கணும்?" அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் வீட்டுக்குப் போறேன். நீ வேலையைப் பாரு."

---

அன்று பகல் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சீல் பைக்குள் கனத்தது. அப்பாவுக்கா? இவ்வளவு சீக்கிரமா? ஒரு நாள் பூராவும் திரை முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டு, வேலை செய்ததாக நம்புகிற அளவுக்கா வந்துவிட்டது?

வானொலி மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள். மெதுவாகப் பேசுகிற வழக்கமே இல்லாதவள், அன்று குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, சாருக்கு உடம்பு சரியில்லையா? சீக்கிரம் கிளம்பிட்டாரே?"

"ஆமா."

"லாட்ஜ் அவருக்கு ஒத்து வராதுன்னு நேத்தே நினைச்சேன்."

மூத்தவள் நிமிர்ந்தாள். "லாட்ஜா? அவர் வாடகை வீட்டுலதானே இருந்தார்?"

"இல்லக்கா. நேத்து காலையில வாடகை வீட்டுல அவர் படம் திறக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஆமை மாதிரி நகருதேன்னு சார் தவிச்சாரு. 'இன்னைக்கு ஒரு நாள் இதுல இருங்க'ன்னு தம்பிதான் லாட்ஜுக்கு மாத்திவிட்டாரு. இன்னைக்குத் திருப்பி மாத்தவும் இல்ல. பொது அலமாரி சங்கதியை எங்க எல்லாருக்கும் மீட்டிங்ல சொன்னாரு. அன்னைக்கு நீங்களும் சாரும் டாக்டர்கிட்ட போயிருந்தீங்க. சாருக்கு அப்புறம் சொல்லியிருப்பாருன்னு..."

வானொலி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா வரைந்திருக்கிறார். வழக்கம்போலத் திரையில் வலது பக்கம் வைத்துவிட்டு, போன் பண்ணிச் சொல்லிவிட்டு, வெளியேறியிருக்கிறார். அவர் முதுகைத் திருப்பியதும் லாட்ஜ் அறையைப் பெருக்கிவிட்டது.

லாட்ஜ் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். மனுஷர் தேனாகப் பேசினார். "துடைச்சதைத் திரும்ப எடுக்க முடியாதுங்க மேடம். அதுதானே நம்ம சர்வீஸோட பாதுகாப்பே!"

"நேத்து எங்க அப்பா வேலை செஞ்சாருன்னாவது தெரியுமா?"

"காலையில உள்ள வந்தாரு, சாயங்காலம் வெளிய போனாரு. அது பதிவாகியிருக்கும். உள்ள உக்காந்து என்ன செஞ்சாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. அப்புறம் மேடம், முடிவு நம்ம பக்கம்தானே?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

---

தம்பி பின்னறையில் இருந்தான். சர்வருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் வேலை எதுவும் இல்லை.

"நேத்து அப்பா வரைஞ்சதை நீ பார்த்தியா?"

அவன் சர்வர் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்."

"பார்த்தேன். மத்தியானம் பிரிண்டர் வேலை செய்யுதான்னு பார்க்கப் போனேன். பாதிக்கு மேல முடிச்சிருந்தார். நல்லா வரைஞ்சிருந்தார்க்கா. பழைய அப்பா மாதிரியே."

"காலையில அவர் கேட்டாரே, அப்ப வாயில என்ன வெச்சிருந்தே?"

"சொல்லத்தான் திரும்பி வந்தேன். அவர்கிட்ட பொது அலமாரியைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன், என் தப்புதான், சொல்லிடணும்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள அவரே, நான் வரையலன்னு சொல்லிட்டார்." அவன் முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டான். "அப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. அவரா நிறுத்திக்கறார். நாம யாரும் சொல்லாம, சண்டை இல்லாம, அவரா. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?"

"அடப்பாவி! அவரா நிறுத்தினாரா? நீ பண்ணின தப்பைத் தன் மூளை பண்ணின தப்புன்னு நினைச்சுக்கிட்டுப் போறாருடா!"

"நேத்து மெஷின் தப்பு. ஒத்துக்கறேன். அடுத்த மாசம் நிஜமாவே அவர் மூளை பண்ணினா? சீல் வெச்சுட்டு, அது இடிஞ்சு விழுந்தா? அந்தப் பாவத்தை யார் சுமக்கறது? நீ சுமப்பியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

"நிறுத்தறதா இருந்தா நிறுத்தட்டும். ஆனா உண்மை தெரிஞ்சு நிறுத்தட்டும். ஒழுங்கா ஒரு நாள் வேலை செஞ்சிருக்கார். அதையும் அவர்கிட்டருந்து பிடுங்கறதுக்கு நாம யாருடா? வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம்."

"நான் வரல."

"அப்ப நானே சொல்லிக்கறேன்."

"அக்கா, வேண்டாம்." அவன் குரல் உடைந்தது. "உன் கால்ல வேணா விழறேன். விட்டுடு. அவர் இல்லன்னா நமக்கு லாட்ஜே போதும். எல்லாம் சுலபமா முடிஞ்சுடும்."

எல்லாம் சுலபமாக முடிந்துவிடுமாம்! அவள் தன் அறைக்கு வந்து, வாடகை வீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். படம் மெதுவாகத் திறக்கிறதே என்று இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டாள். பெரிய கம்ப்யூட்டராக மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் சேர்த்துச் சரி என்று சொன்னாள். அப்பாவுக்கும் ஓர் இடம் என்று தனியாக அழுத்திச் சொன்னாள். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்று எதிர்முனையில் இருந்த பெண் உறுதி கொடுத்தாள்.

---

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறையில் அம்மா ஏதோ நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை பிடித்திருந்தது.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். லாட்ஜ், பொது அலமாரி, தம்பி மாற்றிவிட்டது, சொல்ல மறந்தது, மெஷின் துடைத்தது. "நீங்க வரைஞ்சீங்கப்பா. உங்க ஞாபகம் சரி. ஒரு தப்பும் இல்ல."

அப்பா குறுக்கே பேசவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சின்னவன் கொஞ்சம் முன்னாடி போன் பண்ணினான்மா."

"என்ன சொன்னான்?"

"அக்கா வருவா, மெஷின் அழிச்சுடுச்சுன்னு ஒரு கதை சொல்லுவா, பாசத்துல சொல்றா, நீங்க மனசைக் குழப்பிக்காதீங்கன்னு சொன்னான். நான் அவனைக் கேட்டேன், நேத்து என்னதான்டா பண்ணினேன்னு. சும்மா திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்கப்பான்னான். சொல்லும்போதே அழுதுட்டான், பாவம்."

"அவன் பொய் சொல்றான்ப்பா! நீங்க வரைஞ்சதைப் பார்த்தேன்னு என்கிட்ட அவனே சொன்னான். அவன் வாயாலயே சொன்னான்!"

"அவன் எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

என்னவென்று சொல்வாள்? உங்களை வீட்டில் உட்கார வைப்பதற்காகச் சொல்கிறான் என்றா?

"நேத்து என் பக்கத்துல நின்னவன் அவன். நீ ஆபீஸ்லயே இல்ல," என்றார் அப்பா, கணக்குப் பார்த்துச் சொல்கிற அதே குரலில். "நீ நல்ல பொண்ணும்மா. எனக்காகத்தான் சொல்றே. எனக்குத் தெரியாதா?"

"அப்பா, உங்க பேர்ல இடம் எடுத்திருக்கேன். உங்க திரை நீங்க வெச்ச மாதிரியே இருக்கும். யாரும் தொட மாட்டாங்க. நாளைக்கு வந்து உக்காந்து பாருங்க, ஒரே ஒரு நாள்."

"அதை வேண்டாம்னு சொல்லிடு. வீண்."

மழை பலத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டையாவது போடுங்களேன் என்று அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. அவரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார். "இன்னைக்கு வியாழக்கிழமைதானே?"

"ஆமாம்ப்பா. வியாழன்தான். சரியாத்தான் சொல்றீங்க."

அப்பா நிமிர்ந்து அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லு, இன்னைக்கு என்ன கிழமை?"